தரைக்கு அடியில் ஹீட்டர் போட்டும் வீடு ஜில்லுன்னு இருக்கா? உடனே சூட்டை ஏத்தாதீங்க... காரணம் இதுதான்!

ஆயிரக்கணக்கான பவுண்டு செலவு செய்து தரைக்கு அடியில் ஹீட்டிங் போட்டாச்சு. தெர்மோஸ்டாட்டில் 21 டிகிரியும் வச்சாச்சு. மூன்று மணி நேரம் கழித்து வெறும் காலை வைத்துப் பார்த்தால், டைல்ஸ் ஜில்லுன்னு இருக்கு. 'காசை கரியாக்கிட்டோமோ?' என்ற கவலை தொற்றிக்கொள்கிறது.

பிரிட்டனில் புதிதாக 'அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங்' பொருத்திய பல வீடுகளில், முதல் குளிர்காலத்தில் வரும் கவலை இது. அங்கே வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. பதற்றத்தில் பலர் செய்வது, வெப்பநிலையை ஒரேயடியாக ஏற்றிவிடுவது. அதுதான் பெரிய தவறு.

எப்படி வேலை செய்கிறது?

தரைக்கு அடியில் வளைந்து வளைந்து பிளாஸ்டிக் குழாய்கள் ஓடும். அவற்றை மூடி 'ஸ்கிரீட்' எனப்படும் சிமென்ட் மணல் தளம் போடுவார்கள். பாய்லர் அல்லது ஹீட் பம்ப் சூடாக்கும் தண்ணீர், 'மேனிஃபோல்டு' என்ற பகுதிக்கு வந்து, அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் பிரிந்து போகும்.

சுவரில் மாட்டும் ரேடியேட்டருக்கு 60 முதல் 70 டிகிரி வரை சுடும் தண்ணீர் போவது வழக்கம். தரைக்கு 35 முதல் 45 டிகிரி போதும். ஆட்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது, ஐரோப்பிய தரநிலையான இ.என். 1264.

அதனால் தரை நன்றாக வேலை செய்தாலும் காலில் சுடாது. 25 டிகிரியில் இருக்கும் டைல்ஸ், வெறும் காலுக்கு லேசான குளிர்ச்சியாகவே தெரியலாம். காலை நம்பாதீங்க, அறையில் ஒரு தெர்மாமீட்டரை வச்சுப் பாருங்க.

ஏன் இவ்வளவு நேரம் ஆகுது?

20 சதுர மீட்டர் அறையில் 65 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஸ்கிரீட் போட்டால், அதன் எடை மட்டுமே சுமார் இரண்டரை டன். அவ்வளவும் சூடான பிறகுதான் அறை சூடாகும். இது தோசைக்கல் மாதிரி இல்ல, மொட்டை மாடி மாதிரி. காலை வெயிலில் உடனே சுடாது, ஆனால் சூடு ஏறிவிட்டால் ராத்திரி வரை அடங்காது.

குளிர்ந்து கிடக்கும் வீடு முதல்முறை சூடாக ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். அதனால் வெளியே போகும்போதெல்லாம் அணைத்துவிட்டு, வந்ததும் போடுவது இதற்குச் சரிவராது. இரவில் இரண்டு, மூன்று டிகிரி குறைத்து வைத்தால் போதும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்?

புதிய ஸ்கிரீட்டுக்குள் ஈரம் இருக்கும். அதை வேகமாகச் சூடாக்கினால் தளம் விரிசல் விடலாம், மேலே போட்ட டைல்ஸ் பெயரலாம், மரத்தரை வளையலாம். அதைச் சரிசெய்ய தரையையே உடைக்க வேண்டியிருக்கும்.

இ.என். 1264 தரநிலைப்படி, சிமென்ட் ஸ்கிரீட் போட்டு குறைந்தது 21 நாட்கள் கழித்தே சூடாக்கத் தொடங்க வேண்டும். முதல் 3 நாட்கள் 20 முதல் 25 டிகிரி தண்ணீர்தான் ஓட வேண்டும். பிறகு வடிவமைப்பில் சொன்ன அதிகபட்ச வெப்பநிலையில் குறைந்தது 4 நாட்கள். ஸ்கிரீட் தயாரித்த நிறுவனம் இதைவிட அதிக நாட்கள் சொல்லியிருந்தால், அதையே பின்பற்ற வேண்டும்.

எங்கே கோளாறுன்னு எப்படி கண்டுபிடிப்பது?

இந்தக் காலக்கெடு முடிந்து, ஓரிரு நாட்கள் விடாமல் ஓடவிட்டும் சூடு ஏறவில்லையா? முதலில் ஒரு கேள்வி: எல்லா அறையும் குளிருதா, ஒரே ஒரு அறை மட்டும் குளிருதா?

எல்லா அறையும் என்றால்: பம்ப் ஓடுகிறதா, பாய்லருக்கு 'சூடு வேண்டும்' என்ற சிக்னல் போகிறதா, மேனிஃபோல்டில் இருக்கும் கலவை வால்வு எத்தனை டிகிரியில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரே அறை என்றால் இந்த நான்கில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்:

* குழாய்க்குள் காற்று: காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் நகராது. ஒவ்வொரு சுற்றாக மூடித் திறந்து, தண்ணீரை வேகமாக ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

* சமநிலை இல்லாதது: குறைந்த தூரம் ஓடும் சுற்று, தண்ணீரில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும். 100 மீட்டர் வரை நீளும் சுற்றுக்கு மிச்சம்தான் கிடைக்கும். மேனிஃபோல்டில் உள்ள ஃப்ளோ மீட்டரைப் பார்த்து, நீளத்துக்கு ஏற்ப அளவைச் சரிசெய்ய வேண்டும்.

* திறக்காத வால்வு: வால்வைத் திறக்கும் 'ஆக்சுவேட்டர்' வேலை செய்யாமல் இருக்கலாம்.

* மாறிப்போன வயரிங்: படுக்கையறை தெர்மோஸ்டாட்டை ஏற்றினால் சமையலறை சூடாகுதா? வயரை மாத்திக் கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. அறைக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் மேனிஃபோல்டில் தொட்டுப் பாருங்க. திரும்பும் குழாய் சற்றே குறைந்த சூட்டில் இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, பொறுமைதான் தேவை. அது முழுக்கக் குளிர்ந்தே இருந்தால் ஓட்டம் இல்லை, பொருத்தியவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

எல்லாம் சரி, ஆனாலும் குளிருதே?

அப்படின்னா பிரச்னை குழாயில் இல்லாமல் இருக்கலாம். ஸ்கிரீட்டுக்குக் கீழே வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷன் பலகை இல்லையென்றால், சூட்டில் ஒரு பகுதி மண்ணுக்குள் போய்விடும். தடிமனான கார்ப்பெட்டும் சூட்டை மேலே விடாது. கார்ப்பெட், அதன் அடிவிரிப்பு இரண்டும் சேர்த்து 2.5 'டாக்' அளவைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டனில் சொல்லப்படும் வரம்பு.

இன்னொன்று, தரைக்கும் ஓர் எல்லை உண்டு. தரை 29 டிகிரியிலும் அறை 20 டிகிரியிலும் இருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் வெப்பமே கிடைக்கும். பழைய வீடு, இடைவெளி விட்ட ஜன்னல் என வெப்பம் அதைவிட வேகமாக வெளியேறினால், தண்ணீரை எவ்வளவு சூடாக்கினாலும் பில்தான் ஏறும்.

பொருத்தியவரிடம் கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், அழுத்தச் சோதனை அறிக்கை, ஒவ்வொரு சுற்றின் நீளம், ஃப்ளோ மீட்டர் அளவுகள், முதல்முறை சூடாக்கிய தேதிகள் ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கிக்கோங்க. டைல்ஸ் ஒட்டிய பிறகு, கீழே என்ன இருக்குன்னு சொல்ல அந்தக் காகிதம்தான் மிஞ்சும்.