வடை வடிவில் ஒரு சூரியன்

எங்கள் கருவடிக்குப்பத்தில் தெருமுனைப் பட்டறையில் வெல்டிங் நடக்கும்போது கண் கூசும் ஒளி எழும். (வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள்!) அவ்விடத்தில் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து, அயனிகளோடு கலந்து கிடக்கின்றன. இதுவே பிளாஸ்மா, பருப்பொருளின் நான்காவது நிலை. சூரியனும் பிளாஸ்மாவே. எந்த வெப்பநிலையில் எத்தனை அணுக்கள் இவ்வாறு பிரியும் என்பதற்கு 1920-இல் சமன்பாடு தந்தவர் நம் மேகநாத் சாகா.

சூரியனுள் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியம் ஆகின்றன. குறையும் நிறை ஆற்றலாகிறது. பூமியில் இதற்கு ஹைட்ரஜனின் கனத்த வகைகளான டியூட்டிரியம், டிரிட்டியம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறார்கள். நேர்மின்னூட்டம் கொண்ட கருக்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? அதை மீறி அவை மோத, சுமார் 15 கோடி டிகிரி வெப்பம் வேண்டும். சூரிய மையத்திலேயே ஒன்றரைக் கோடிதான்!

எந்தப் பாத்திரம் இதைத் தாங்கும் என்று கேட்பீர்கள். பாத்திரம் கெடுவதைவிட, சுவரைத் தொட்டதும் பிளாஸ்மா குளிர்ந்துவிடுவதே பெருந்தொல்லை. ஆனால் மின்னூட்டத் துகள்கள் காந்தக் கோடுகளைச் சுற்றியே ஓடும். அக்கோடுகளை உளுந்து வடைபோல் வளைத்து மூடிவிட்டால், துகள் தப்பிக்க முனை ஏது? டோக்காமாக் கருவியின் உத்தி இதுவே. குஜராத்தில் காந்திநகர் அருகிலுள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் 1989-இல் 'ஆதித்யா' டோக்காமாக் இயங்கத் தொடங்கியது. பிரான்சின் தெற்கே கடராஷில் எழுந்துவரும் 'ஈட்டர்' திட்டத்தின் ஏழு பங்காளிகளில் இந்தியாவும் ஒன்று. அதை மூடி நிற்கும் சுமார் 30 மீட்டர் உயர எஃகுக் கலனின் பகுதிகள் ஹஜீராவில் செய்யப்பட்டு, அங்கே கொண்டுபோய்ப் பற்றவைக்கப்பட்டன.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன், "இதுவரை ஒரு வீட்டு விளக்காவது இதனால் எரிந்திருக்கிறதா சார்?" என்றான். இல்லை. 2022-இல் அமெரிக்காவில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளி செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றார்கள். ஆனால் அந்த லேசர்களை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவாயிற்று. 2025-இல் கடராஷில் 'வெஸ்ட்' கருவி பிளாஸ்மாவை 22 நிமிடம் நிறுத்தி வைத்தது. மின் நிலையத்துக்கு அது போதாது. வேலை முடிந்துவிட்ட துறையில் புதிய ஆளுக்கு என்ன வேலை என்று அவனைத் திருப்பிக் கேட்டேன்.

"அதற்கு வீட்டில் பணம் வேண்டுமே சார்" என்றான். இந்த அச்சம் பல வீடுகளில் உண்டு. இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, நுழைவுத் தேர்விலும் நேர்முகத்திலும் தேறினால், காந்திநகரில் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதந்தோறும் உதவித்தொகை தருவார்கள். பட்டத்திற்குப் பின்னும் உதவித்தொகையுடன் ஆய்வு தொடரலாம். ஈட்டரிலேயே ஆய்வு செய்ய மொனாக்கோ நாட்டின் உதவியால் 2008-இல் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. காந்தம், வெற்றிடம், கணிப்பொறி தெரிந்த பொறியாளர்களுக்கும் இத்துறையில் இடமுண்டு.

அந்த மாணவன் இப்போது எம்.எஸ்ஸி. முதலாண்டு. காந்திநகரின் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதி, திருத்தித் தரும்படி நேற்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.