வாத்தியாரை வகுப்பில் இருக்க விடுங்கள்!

தோழர்களே! விடிந்ததும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடுகிறீர்கள். பத்து மணிக்கு அந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று என்றாவது எட்டிப் பார்த்ததுண்டா?

ஊர்க்கோடியில் ஒரு தொடக்கப் பள்ளி. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் போட்ட கணக்கு. வகுப்புகளோ ஐந்து! ஒருவர் மூன்று வகுப்பைச் சேர்த்து உட்கார வைக்கிறார்; மற்றவர் இரண்டை. தனியாகத் தலைமை ஆசிரியர் வேண்டுமானால் பிள்ளைகள் 150க்கு மேல் இருக்க வேண்டுமாம். ஆகவே அந்த இருவரில் ஒருவரே தலைமை ஆசிரியர், அவரே எழுத்தர், அவரே கணக்கர்.

கரும்பலகையில் பாடம் பாதியில் நிற்கிறது, கைப்பேசி கூவுகிறது. காலணி எத்தனை ஜோடி வந்தது? நோட்டு எத்தனை பேருக்குப் போயிற்று? உடனே எமிஸ் தளத்தில் ஏற்று! தாளிலும் எழுத வேண்டும், தளத்திலும் ஏற்ற வேண்டும். இணையம் வராத ஊரென்றால், சிக்னலைத் தேடி வேப்பமரத்தடிக்கு நடக்க வேண்டும்.

கணக்கே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோறு போடுகிற சர்க்காருக்குச் சாப்பிடுகிற வாய் எத்தனை என்று தெரியத்தான் வேண்டும். அதைப் பாடம் நடத்துகிற கைதானா எழுத வேண்டும் என்பதே நம் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய இவை தவிர கல்வி சாராத வேறு எந்த வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது அதன் 27ஆவது பிரிவு. வாக்காளர் பட்டியல் வேலையைக்கூட விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நாளிலும்தான் கொடுக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்கு வீடு வீடாகப் படிவம் சுமந்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். நவம்பர் என்ன, கோடை விடுமுறையா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது நாளைக்கு நான்கு மணி. அதில் அரை மணி கைப்பேசிக்குப் போனால் ஆண்டுக்கு 100 மணி போயிற்று. இருபத்தைந்து நாள் பாடம் அது! உங்கள் கூலியில் எட்டில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டால் வாயை மூடிக்கொண்டு இருப்பீர்களா? இங்கே பிடிக்கப்படுவது உங்கள் பிள்ளையின் கூலி.

கட்டணப் பள்ளியில் கணக்கு எழுத அலுவலகம் உண்டு, ஆள் உண்டு. ஏழையின் பள்ளியில்தான் வாத்தியாரே எல்லாம். கடைசியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்றதும், “வாத்தியார் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்” என்று டீக்கடையில் நாமே பேசுகிறோம். சோம்பேறி வாத்தியாரே கிடையாது என்று வாதாட நாம் வரவில்லை. ஆனால் உழைக்கிறவரையும் உழைக்க விடாமல் செய்துவிட்டு, பழியை மட்டும் அவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அரை நாள் விடுப்புப் போட்டாவது போங்கள். நாலைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு எழுத்தர் வேண்டும் என்று தீர்மானம் எழுதி, அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புங்கள்.