பழைய வேகன் வாங்கும் முன்…

நகையை அடகு வைத்து, சேவைக்காலக் காசையும் போட்டுத்தான் நம் தோட்டங்களில் சிலர் ஹயர் ஓட பழைய வேகன் வாங்குகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்.

2020ல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025ல் இறக்குமதிக்கு மீண்டும் இடம் கிடைத்தது. ஆகவே "அப்ப இவ்வளவுக்குப் போனது" என்ற பேச்சில் மயங்க வேண்டாம். அதே வருடத்து, அதே ரக வேகன் இப்போது என்ன விலை என்று நாலு இடத்தில் விசாரியுங்கள்.

மெக்கானிக்கோடு போய் ஏற்றத்தில் இழுவை, இறக்கத்தில் பிரேக், அடித்தட்டில் துரு பாருங்கள். திருத்தும் செலவைக் கழித்து வருவதே நியாய விலை.

புத்தகத்திலுள்ள எஞ்சின், செஸி இலக்கங்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் அதில் இருந்தால், அது நீங்கும்வரை முழுக்காசும் கொடுத்துவிடாதீர்கள்.