செந்தேள் கொட்டினால்...
யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணப்படும் இந்தியச் செந்தேளின் நஞ்சு வெறும் வலியோடு நின்றுவிடுவதில்லை. அது நரம்புகளைத் தூண்டி, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தாறுமாறாக்கக் கூடியது. உடல் வியர்த்து, கைகால்கள் குளிர்ந்து போகும். நிலைமை முற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மரணமும் சம்பவிக்கலாம். சிறுவர்களுக்கே ஆபத்து அதிகம்.

இரத்த அழுத்தத்துக்கு வழங்கப்படும் பிரசோசின் என்ற குளிசை இந்நஞ்சின் விளைவுகளைத் தணிப்பதை, மகாராஷ்டிரத்தின் கிராமப்புற வைத்தியரான ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980களில் எடுத்துக்காட்டினார். யாழ்ப்பாணத்திலும் அம்மருந்து பயன்படுத்தப்பட்டுள்ளது.

ஆனால், காலந் தாழ்த்தினால் எம்மருந்தும் பயன்தராது. கொட்டிய இடத்தைக் கீறுவதிலும், இறுகக் கட்டுவதிலும், மந்திரிப்பதிலும், ஓதிப் பார்ப்பதிலும் பொழுதைப் போக்காது, உடனடியாக வைத்தியசாலைக்கு விரைவதே உயிர் காக்கும் வழி என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.