உறைந்த ஏரியில் ஓடும் வண்டி

தல்லாகுளத்து வெயிலிற் பழகிய நமக்கு, வண்டி செல்லும் ஏரி என்றால் வறண்ட கண்மாயே நினைவுக்கு வரும். ஆயின், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து கல்லென இறுகும். மக்கள் அவற்றின்மேல் மோட்டார் வண்டிகளை ஓட்டிச் சென்று, பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டிலிட்டு மீன் பிடிக்கின்றனர்.

அடியில் மீன் பிழைத்திருப்பது எங்ஙனம்? நீர் 4 பாகை செண்டிகிரேடிலேயே மிகுந்த அடர்த்தியுடையது. ஆதலின் அது கீழே தங்க, அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகின்றது.

உறைந்த நீர் தாங்கும் பாரத்திற்கும் அளவுண்டு. தெளிந்த புதிய கட்டி 4 அங்குலத் தடிப்பாயின் ஆள் நடக்கலாம். சிறு மோட்டாருக்கு 9 அல்லது 10 அங்குலம் வேண்டும். வெண்ணிறக் கட்டி வலிமை குன்றியது. அதற்கு இருமடங்கு தடிப்பு வேண்டும். விரைந்து ஓட்டினால் அடிநீரில் அலையெழுந்து கட்டி பிளத்தல் கூடும். எனவே, அறிந்தோர் மெல்லவே செல்வர். மூழ்கினால் தப்புதற்பொருட்டுப் பலகணிகளையும் திறந்து வைப்பர். அளவாது சென்று உயிரிழந்தோர் உளர்.

நம் கண்மாயிலும், காய்ந்து வெடித்த மேல்மண்ணை நம்பி இறங்கிய மாட்டுவண்டி உளைச்சேற்றில் அச்சளவு புதைந்ததை யாம் கண்டதுண்டு. பனியாயினும் மண்ணாயினும், மேற்பரப்பை நம்பாது அளந்தறிந்து அடிவைத்தலே அறிவுடைமை.