உங்களுக்குத் தெரியுமா? வாய்ப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின்...

“இனிமேல் பயமில்லையே, டாக்டர்?” ஆபரேஷன் தியேட்டர் வாசலில் குடும்பத்தார் முதலில் கேட்பது இதைத்தான். அதற்கான பதிலில் பெரும்பகுதி, சில நாள் கழித்து வரும் பெத்தாலஜி ரிப்போர்ட்டில் இருக்கிறது.

● புண்ணின் அகலத்தை மட்டும் பார்த்து நோயின் கட்டத்தைச் சொல்லிவிட முடியாது. எவ்வளவு ஆழத்துக்கு வேர் விட்டிருக்கிறது என்பதும் 2018 முதல் கணக்கில் சேர்ந்துவிட்டது. நாக்கில் 1 செ.மீ. அகலமே உள்ள புண், 6 மி.மீ. ஆழம் போயிருந்தால் அது இரண்டாம் கட்டம்!

● வெட்டியெடுத்த சதையின் விளிம்பில் மை தடவி, மெல்லிய சீவல்களாக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்றுக்கும் மைக்கும் இடையே 5 மி.மீ.யாவது நல்ல சதை இருந்தால் நிம்மதி. மையைப் புற்று தொட்டிருந்தால், அதே இடத்தில் நோய் திரும்பும் ஆபத்து அதிகம்.

● எதிர்காலத்தைச் சொல்வதில் கழுத்து நெறிக்கட்டிக்கே முதலிடம். கையில் தட்டுப்படாத கட்டியிலும் புற்று ஒளிந்திருக்கலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஆரம்பக் கட்ட நோயாளிகளில், வாயோடு சேர்த்துக் கழுத்திலும் அப்போதே ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். கட்டி தெரியட்டும் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம்தான்.

● நெறிக்கட்டியின் உறையைத் தாண்டிப் புற்று வெளியே வந்திருந்தால் ரேடியேஷன் மட்டும் போதாது. உடல் தாங்குமானால் கீமோவும் சேர்த்துத் தருவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2004இல் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டிய வழி இது.

● ரேடியேஷன் தேவை என்றால், ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். “உடம்பு தேறட்டும், பண்டிகை முடியட்டும்” என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நோய்க்குத்தான் சாதகம். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் ரேடியேஷனுக்கு முன்பே பிடுங்கிவிடுவது நல்லது.

● நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். வலி இல்லையே என்று செக்கப்பை விட்டுவிடாதீர்கள்.

● புகையிலை பட்ட வாய் முழுவதுமே மாறியிருக்கும். புற்று ஓரிடத்தில் மட்டும் முளைப்பதில்லை. 1953லேயே கண்டறிந்த உண்மை இது. ஆபரேஷனுக்குப் பிறகும் பீடி, குட்கா, புகையிலைப் பாக்கு தொடர்ந்தால், இன்னொரு புற்று வேறிடத்தில் கிளம்பலாம்.

● வாய்க்குள் மூன்று விரல்களை அடுக்கி நுழைக்க முடிகிறதா? ஆபரேஷனும் ரேடியேஷனும் தாடையை இறுக்கிவிடும். டாக்டர் சொல்லும் வாய் திறக்கும் பயிற்சியை அன்றாடம் செய்தால்தான் சாப்பாடும் பேச்சும் சீராகும்.

● சதவீதம் என்பது பலருடைய சராசரி. ஒருவருடைய தலையெழுத்து அல்ல. ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆழம், விளிம்பு, நெறிக்கட்டி ஆகிய மூன்றையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த சிகிச்சையைத் தீர்மானிப்பவை அவைதான்.