குழந்தையின் துணியைப் பாருங்கள்!

பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் குழந்தையின் மேனி மஞ்சள் பூத்தால் பாட்டிமார் பதறுவதில்லை. "எல்லாக் குழந்தைக்கும் வருகிறதுதானே, தானாக வடிந்துவிடும்" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் 14 நாள் கடந்தும் மஞ்சள் மறையவில்லையென்றால்? அப்போது தாய்மார்கள் பார்க்க வேண்டியது குழந்தையின் முகத்தை மட்டுமல்ல, அதன் துணியையும்தான்!

மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்த நீர். ஈரலில் சுரந்து, மெல்லிய குழாய்களின் வழியே அது குடலுக்கு வருகிறது. பல்லாயிரத்தில் ஒரு குழந்தைக்கு இந்தக் குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. மலம் சுண்ணாம்பு போலவோ களிமண் போலவோ வெளுக்கிறது. நிறமில்லாமல் இருக்க வேண்டிய சிறுநீரோ துணியில் மஞ்சள் கறை வைக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை, குழந்தை ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும். பால் குடிக்கும், சிரிக்கும். அதுதான் ஆபத்து! தேங்கிய பித்தம் உள்ளே ஈரலைக் கெடுத்துக்கொண்டேயிருக்கும்.

ஒரு காலத்தில் இதற்கு மருந்தே இல்லை. 1955-ல் ஜப்பானில், ஸெண்டாய் நகரில், மோரியோ கஸாய் என்ற டாக்டர் வழி கண்டார். அடைபட்ட குழாயை நீக்கிவிட்டு, குடலையே ஈரலின் வாசலில் கொண்டுபோய்த் தைத்துவிடுவது அவர் முறை. இன்றும் முதலில் செய்வது 'கஸாய் ஆபரேஷன்'தான். 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தள்ளிப் போடப் போட ஈரல் இறுகிவிடும்.

ஆபரேஷன் பலிக்காவிட்டாலும் கதி இல்லாமல் போவதில்லை. தாயோ தந்தையோ தம் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு ஈரல் மறுபடி வளர்ந்துவிடும். 1998-ல் டில்லியில் இவ்வியாதி கண்ட ஒரு குழந்தைக்கு மாற்று ஈரல் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். இந்தியாவில் குழந்தைக்கு அது வெற்றியாக நடந்தது அதுவே முதல் தடவை.

தைவான் தேசத்தில் 2004 முதல் எல்லாத் தாய்மாருக்கும் மலத்தின் நிறங்கள் அச்சிட்ட அட்டை கொடுக்கிறார்கள். வெளுத்த நிறம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். நமக்கு அட்டை எதற்கு? கண் இருக்கிறதே!

ஆகவே, வெயிலில் காட்டியும் கீழாநெல்லி அரைத்தும் நாளைக் கடத்தாதீர்கள். "எந்த வகைக் காமாலை, பித்தம் அடைபட்டதா என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்லுங்கள்" என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறிய சோதனைதான். குழந்தையின் ஆயுளே அதில் இருக்கக்கூடும்.